மலை இறங்கிய காரின் வீல் கறுப்பை வீட்டிலேயே கழுவும் முறை

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்த் திரும்பிய எந்தக் காரையும் பாருங்கள். பாடியில் படிந்திருப்பது மண். முன் வீல்களில் படிந்திருக்கும் கறுப்பு மண் இல்லை, பெரும்பாலும் இரும்பு. பிரேக் மிதிக்கும்போது பேட் என்கிற பிரேக் கட்டை, வீலோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிறது. இரண்டும் துளித் துளியாகத் தேய்ந்து, சூடான தூளாக வீல் மேல் போய் விழுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி, காய்ந்த கறுப்புத் தூளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வரும்.

திருப்பரங்குன்றம் பக்கம் டூரிஸ்ட் கார் ஓட்டிப் பிழைக்கிறேன். மாதத்தில் பாதி நாள் மலைப் பாதைதான். அதனால் வீல் கழுவுவதை வாட்டர் வாஷ் கடைக்கு விடாமல் நானே செய்கிறேன். அங்கே ஒரே துணியால் வீலையும் துடைப்பார்கள், கதவையும் துடைப்பார்கள். வீலில் இருந்த இரும்புத் தூள் கதவில் கோடு கோடாகக் கீறிவிடும்.

இந்தத் தூளை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. அலாய் வீலின், அதாவது அலுமினியக் கலவை வீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தெளிவான பூச்சு இருக்கிறது. சூடான தூள் அதில் பதிந்து, மழையோ பனியோ பட்டுத் துருப்பிடித்தால் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வரும். அதன் பிறகு சோப்புக்கு அது அசையாது.

ஆனால் வந்த சூட்டோடு கழுவவும் கூடாது. கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப் போக வாய்ப்பு உண்டு. பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிரும். ராத்திரி வந்தால் காலையில் கழுவுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அதுவும் நிழலில். கையை வைத்துப் பார்த்தால் வீல் குளிர்ந்திருக்க வேண்டும்.

தேவையான சாமான்கள் அதிகம் இல்லை. வாளி இரண்டு, ஒன்று ஷாம்பு கலக்க, இன்னொன்று பிரஷ்ஷை அலச. பெயின்ட் கடையில் கிடைக்கும் ஒன்றரை இஞ்ச் பிரஷ், நட்டுக் குழிகளுக்கும் இடுக்குகளுக்கும் அதைவிட நல்ல கருவி இல்லை. பிரஷ்ஷின் தகரப் பட்டை அலாயில் இடிக்கும், அதனால் அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். மைக்ரோ ஃபைபர் துணி இரண்டு, வீலுக்கு மட்டும் என்று தனியாக. கையுறை. முகக்கவசமும் போடுங்கள், பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எந்தப் பேட்டாக இருந்தாலும் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போக வேண்டியது இல்லை. காய்ந்த வீலில் காற்று பிடிக்கும் ட்யூபை வைத்து ஊதுவதை இந்தக் காரணத்துக்காகவே நான் யாரையும் செய்ய விடுவதில்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வீல் மட்டும். நான்கு வீலையும் நனைத்துவிட்டு முதல் வீலுக்கு வந்தால், நான்காவது காய்ந்து கறை பிடித்திருக்கும்.

முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக அடியுங்கள். ஒட்டாமல் மேலாகக் கிடக்கும் தூள் முக்கால்வாசி இதிலேயே போய்விடும். பிரஷர் வாஷர் இருந்தால் எட்ட நின்று அடியுங்கள். ரிம்மின் உள்பக்கம் பேலன்ஸிங்குக்காகச் சின்ன எடைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்று பிய்ந்தாலும் ஸ்டியரிங் வேகத்தில் ஆடத் தொடங்கும். அப்புறம் கார் ஷாம்பு. நுரையை வீல் முழுக்கப் பூசி, ஒரு நிமிடம் ஊற விட்டு, பிரஷ்ஷை அழுத்தாமல் ஓட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் இரும்புத் தூளாலேயே வீலை உப்புத்தாள் போட்ட கணக்காகும். பிரஷ்ஷை அடிக்கடி அலசுங்கள். அரை வீலை முடித்ததும் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பருக்குப் பின்னால் மறைந்திருந்த பக்கமும் கைக்கு வரும்.

இதற்கும் போகாத புள்ளிகளுக்கு அயர்ன் ரிமூவர் என்று கடையில் கேளுங்கள். அடித்ததும் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம்தான் கணக்கு. வீலில் அது காய்ந்துவிடக் கூடாது. ஊதா ஓடியதும் நன்றாகக் கழுவிவிடுங்கள். எல்லாத் தடவையும் இது தேவைப்படாது.

ஸ்டாண்டில் இளம் டிரைவர்கள் கேட்பார்கள்: “அண்ணே, பாத்ரூம் ஆசிட்ட ஊத்துனா ஒரே நிமிசத்துல போயிரும்ல?” போகும். பூச்சும் சேர்ந்து போகும், அலுமினியத்தையும் அரிக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, அலாய்க்குப் புளி வேண்டாம். கம்பி நார், பாத்திரம் விளக்கும் பவுடர் இவையும் வேண்டாம். ரோட்டுத் தார் ஒட்டியிருந்தால் ஒரு துணி நுனியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, தார் இருக்கும் இடத்தை மட்டும் துடைத்து, உடனே சோப்பு போட்டுக் கழுவலாம். ஒரு சொட்டுகூட டிஸ்க்கிலும் பேடிலும் படக் கூடாது. எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது.

மதுரையில் பாதி வேலை தண்ணீரில்தான் கெடுகிறது. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும், வெயில் ஏறினால் அது சுரண்டினாலும் போகாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் வண்டி கழுவப் பிடித்து வைக்கிறார்கள். முதல் மண் போக அது சரி, கடைசி அலசலுக்கு ஆகாது, போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். கடைசிக்கு நான் வைத்திருப்பது ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது, உப்பு கிடையாது. ராத்திரி முழுக்கப் பிடித்த தண்ணீர் நான்கு வீலுக்கும் தாராளம். அலசியதும் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அலாய் இல்லாத வண்டியா? வீல் கப்பைக் கையால் இழுத்துக் கழற்றி வாளியில் போட்டுக் கழுவுங்கள். மாட்டும்போது காற்றடிக்கும் வால்வுக்கான பள்ளம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கழுவும்போது கண்ணைத் திறந்து வையுங்கள், இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். பின் வீல் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்னால் மூடிய டிரம் பிரேக், தூள் உள்ளேயே தங்கிவிடும். முன்னால்தான் பிரேக் பாரம் அதிகம், அதனால் கறுப்பும் அதிகம். ஆனால் முன் வீல் இரண்டில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால், அந்தப் பக்கம் கேலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரிம்மின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிரேக் ஆயில் கசிவோ, ஆக்ஸிலின் கிழிந்த ரப்பர் உறையிலிருந்து தெறித்த கிரீஸோ இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அடுத்த மலைப் பயணத்துக்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வீல் காய்ந்ததும் கார் மெழுகை மெல்லியதாகப் பூசி வைத்தால் அடுத்த தடவை கறுப்பு சீக்கிரம் விட்டுவிடும். டயர் பாலிஷ் போடுகிறவர்கள் பக்கவாட்டில் மட்டும் போடுங்கள், ரோட்டில் பதியும் பகுதியில் வழுக்கும்.

வேலை முடிந்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை நான்கைந்து முறை இதமாக அழுத்துங்கள். ஈர டிஸ்க் காயும், அதில் படிந்த மெல்லிய துருவும் உதிர்ந்துவிடும்.