வீட்டிலேயே திகில் படம் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு தண்டையார்பேட்டைக்காரனின் செய்முறை

‘யாவரும் நலம்’ படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அம்மா கூடத்திலேயே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தெருவில் தண்ணி லாரி வந்து நின்று, குடங்கள் உருண்டு, சண்டை ஆரம்பித்து, அதுவும் ஓய்ந்தது. மாமா பையன் நடுநடுவே போனைப் பார்த்து கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்தான். படம் முடிந்ததும் ‘இதுக்கா இவ்ளோ பில்டப்பு?’ என்று எழுந்து போனோம்.

ஆறு மாதம் கழித்து அதே டிவியில் அதே படம். இந்த முறை ராத்திரி 12 மணி, தனியாக, காதில் ஹெட்போன். மாதவன் லிஃப்டில் ஏறுவார். மற்ற எல்லோருக்கும் ஓடுகிற லிஃப்ட் அவருக்கு மட்டும் ஓடாது. சாயங்காலக் காட்சியில் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். இப்போது அவர் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்த நேரத்தில் என் கை தானாகவே போர்வையைத் தேடியது. படம் முடிந்து பாத்ரூம் போக வேண்டும். போகவில்லை. விடியட்டும் என்று படுத்துவிட்டேன்.

படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை, பார்த்த விதம்தான் மாறியது. அதனால் எந்தப் படம் பார்க்கலாம் என்ற பட்டியலுக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். அகஸ்தியா தியேட்டரும் மூடியாச்சு. இருட்டையும் சத்தத்தையும் நம்மால் முடிந்த அளவு நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

படி 1: எந்த வகை பயம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

‘பேய்ப்படம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவதில் மூன்று சரக்கு இருக்கிறது.

ஒரு அக்கா அடுப்படிக்குள் போகிறார். படாரென்று மேலே எதுவோ பாய்கிறது. பார்த்தால் பூனை. இது திடுக். அரை நொடியில் முடிந்துவிடும்.

அதே அடுப்படியில் கேஸ் டியூப் கழன்று கசிவதை முதலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள் என்று வையுங்கள். அக்காவுக்கு அது தெரியாது. கையில் லைட்டரோடு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சீட்டுப் பணம் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறார். பேச்சு சாதாரணப் பேச்சுதான். ஆனால் நமக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறாது, கண் அந்த லைட்டர் மேலேயே இருக்கும். இது சஸ்பென்ஸ். சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதை மேசைக்கு அடியில் இருக்கிற வெடிகுண்டை வைத்து விளக்குவார். நம் தெருவுக்கு சிலிண்டர் போதும்.

மூன்றாவது, பேய்க் காமெடி. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) எல்லாம் இந்தக் கூட்டம். லைட்டைப் போட்டுக்கொண்டு, முறுக்கு கடித்துக்கொண்டு, மொத்தக் குடும்பமும் கத்திக்கொண்டு பார்க்க வேண்டிய படங்கள். அதற்கு இந்தச் செய்முறையே தேவையில்லை.

ஆரம்பிக்கிறவர்கள் சஸ்பென்ஸிலிருந்து தொடங்குங்கள் என்பேன். திடுக்கை மட்டுமே நம்பிய படம் இரண்டாவது தடவை ஒன்றும் செய்யாது.

படி 2: நேரம் பாருங்கள்

நல்ல நேரம் ராகுகாலம் எல்லாம் இல்லை, சத்தம் அடங்குகிற நேரம். எங்கள் பக்கம் ராத்திரி 10 வரைக்கும் தெரு தூங்காது. விடியற்காலை 3 மணி ஆனால் காசிமேட்டுக்குப் போகிற மீன் வண்டிகள் கிளம்பிவிடும். ஆக 11-லிருந்து 2 வரை கிடைத்தால் லாபம். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிச் சத்தத்துக்கு மட்டும் மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆடி மாதத்தில் முயற்சியே வேண்டாம். பேய் அலறும் நேரத்தில் தெருமுனை ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனைக் கூப்பிடுவார், பேய் தோற்றுவிடும். ஐப்பசி மழையோ மார்கழிக் குளிரோ உத்தமம். காரணம் ஃபேன். 5-இல் சுற்றுகிற ஃபேன் படத்தின் மெல்லிய சத்தங்களை எல்லாம் தின்றுவிடும். குளிர்காலத்தில் அதை 2-இல் வைத்துவிட்டு ஜன்னலையும் சாத்தலாம்.

படி 3: இருட்டு

தெருவிளக்கு எல்.இ.டி. ஆனதிலிருந்து எங்கள் வீட்டு முன்னறை ராத்திரியிலும் கல்யாண மண்டபம் மாதிரிதான். ஜன்னலுக்குக் கனமான போர்வையை மடித்துத் தொங்கவிடுங்கள். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு, நீங்கள் உட்காரப்போகும் இடத்திலிருந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். சாமி படத்துக்கு மேலே எரிகிற சிவப்பு பல்பு, வைஃபை பெட்டியின் கண் சிமிட்டல், எல்லாம் அதில் தெரியும். தெரிகிறதை ஒவ்வொன்றாக மறையுங்கள். சாமி விளக்கை அணைக்க அம்மா விடமாட்டார், அதற்கு டிவியைக் கொஞ்சம் திருப்பி வைப்பதுதான் வழி.

முழு இருட்டு கண்ணை உறுத்தினால் டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒரு ஜீரோ வாட் பல்பு போடலாம். (ஜீரோ என்பது பேருக்குத்தான். பழைய குண்டு பல்பாக இருந்தால் பத்துப் பதினைந்து வாட் இழுக்கும்.) திரைக்குப் பின்னால் லேசாக வெளிச்சம் இருந்தால் கண் சோர்வு குறையும், சாதாரண எல்.இ.டி. டிவியில் சாம்பலாகத் தெரிகிற கறுப்பும் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும்.

டிவி செட்டிங்கில் இரண்டே வேலை. பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மோஷன் ஸ்மூத்திங். கம்பெனிக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள், தேடிப் பிடித்து அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது. இந்த வசதி நடுவில் தானாகச் சில ஃப்ரேம்களை உண்டாக்கிச் சொருகுவதால் பாழடைந்த பங்களாகூட சீரியல் செட் மாதிரி ஆகிவிடும்.

ஓடிடியில் நெட் மெதுவானால் முதலில் அடிவாங்குவது இருட்டுக் காட்சிதான். கறுப்பு கட்டம் கட்டமாக உடையும். ஆப் அனுமதித்தால் சாயங்காலமே டவுன்லோட் போட்டுவிடுங்கள்.

படி 4: சத்தம்

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களைப் பயமுறுத்திய காட்சி ஏதாவது ஒன்றை எடுத்து, சத்தத்தை ம்யூட் செய்துவிட்டுப் பாருங்கள். ஒரு ஆள் மெதுவாக நடந்து போய் ஒரு கதவைத் திறப்பார், அவ்வளவுதான். பயம் இருந்த இடமே தெரியாது. 1960-இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே அதற்கு இசை எழுதினார், கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். அந்தக் காட்சியின் ரத்தம் சாக்லேட் சிரப். சிரப்பை ரத்தம் என்று நம்மை நம்பவைப்பதில் பாதி வேலை அந்த வயலின்களுடையது.

மெல்லிசான டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். வசனம் முணுமுணுப்பாகவும் கதவு சாத்துவது இடி மாதிரியும் கேட்கிறதா? படத்தின் 5.1 சத்தத்தை (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துக் கேட்பதற்கானது) இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைக்கிறபோது அப்படி ஆகலாம். ஆடியோவில் ‘ஸ்டீரியோ’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ‘நைட் மோட்’ என்று ஒன்று இருக்கும். அது பெரிய சத்தத்தைச் சிறிதாக்கி, சிறிய சத்தத்தைப் பெரிதாக்கும். பக்கத்தில் கைக்குழந்தை தூங்கினால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். திகில் படத்தின் உயிரே அந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரா ஹெட்போனா? நெருக்கமான வீடுகளுக்கு ஹெட்போன். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு தீபாவளி போனஸில் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி, வாங்கினேன். வாங்கிய அன்றே சுவர் ஓரமாகத் தரையில் வைத்து ‘ஈரம்’ (2009) போட்டேன். தண்ணீர் வழியாக ஆவி வருகிற கதை. படம் சூடு பிடித்த நேரத்தில் டம் டம் என்று கதவு. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ரிமோட்டைப் பிடித்தபடியே போய்த் திறந்தால் கீழ்வீட்டு அண்ணன், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ‘இன்னாப்பா, எங்க வூட்ல பாத்திரமெல்லாம் ஆடுது’ என்று நிற்கிறார். தாழ்ந்த அதிர்வு சத்தம் சுவரையும் தரையையும் எளிதாகக் கடந்துவிடும், வால்யூமைக் குறைத்தாலும் கீழே போகும். அந்தப் பெட்டி இப்போது ஸ்டூலாக இருக்கிறது, மேலே துணி மடித்து வைக்கிறோம்.

ஹெட்போனிலும் வயர் உள்ளதே மேல். மலிவான புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும். கதவு மூடிய பிறகு ‘டப்’ கேட்டால் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும்.

படி 5: ஆட்கள்

இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் கமெண்ட் அடிப்பார். போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் யுஏ சான்றிதழே 7+, 13+, 16+ என்று பிரித்துத் தரப்படுகிறது.

படி 6: படங்களை ஏறுவரிசையில் பாருங்கள்

முதல் படம் ‘அந்த நாள்’ (1954). பழசு, கறுப்பு வெள்ளை என்று தள்ளிவிடாதீர்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாவார். யார் சுட்டது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு இதெல்லாம் ரொம்ப தூரத்துச் சங்கதி இல்லை. 1914-இல் எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து இங்கேதான் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அடங்காத பிள்ளையை ‘சரியான எம்டன்’ என்று ஆயா திட்டுவது அதிலிருந்து வந்ததுதான்.

அடுத்து ‘பீட்சா’ (2012). டெலிவரிக்குப் போன விஜய் சேதுபதி ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்வார், கையில் டார்ச் மட்டும். அந்த வட்ட வெளிச்சத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் இருட்டு, அந்த இருட்டை நிரப்புவது நம் மூளை. படி 3-ஐ ஒழுங்காகச் செய்தீர்களா என்று இந்தப் படம் சொல்லிவிடும். முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது ‘யாவரும் நலம்’. வீட்டு டிவியே வில்லங்கம் ஆகிற கதை, அதனால் தியேட்டரைவிட வீட்டில்தான் இதற்கு வீரியம் அதிகம்.

பிறகு ‘டிமான்ட்டி காலனி’ (2015). நான்கு நண்பர்கள் தங்கள் அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். நிஜமான டிமான்ட்டி காலனி ஆழ்வார்பேட்டையில் இருக்கிறது. பேய்கூடத் தென்சென்னையில்தான் வீடு பிடித்திருக்கிறது, பாருங்கள். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) பயத்தைவிடப் பரிதாபம் தருகிற படம், நடுவில் ஓய்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘ராட்சசன்’ (2018) கடைசியில். இதில் பேய் இல்லை, மனிதன்தான். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் கடத்தப்படுகிற கதை. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருக்கிற அப்பா அம்மாவுக்கு இது வேறு மாதிரி வலிக்கும், யோசித்துப் போடுங்கள். பின்னோக்கிப் போக ஆசை என்றால் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இருக்கிறது. இளையராஜாவுக்கு 100-வது படம்.

இதெல்லாம் செரித்தவர்கள் ‘தும்பாட்’ (2018), மம்மூட்டியின் ‘பிரமயுகம்’ (2024) என்று வெளியூர் கிளம்பலாம்.

படி 7: படம் முடிந்த பிறகு

உடனே லைட்டைப் போடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும். தண்ணீர் பாட்டிலைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் அடுப்படிக்குப் போகிற வேலை மிச்சம். நான் ‘மாயா’ (2015) பார்த்த ராத்திரி இதை மறந்துவிட்டேன். மணி நாலுக்குப் பக்கம். ஹெட்போனைக் கழற்றினேன். வீடே அமைதி. அப்போது கீழேயிருந்து க்ரீச்... கொஞ்சம் இடைவெளி... மறுபடி க்ரீச். இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம், ஒரே தாளத்தில். படம் நின்றுவிட்டதா என்று டிவியைத் திரும்பிப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது. பால்கனிக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து எட்டிப் பார்த்தேன்.

தெருவில் அடிபம்பு. மெட்ரோ தண்ணி வந்துவிட்டது. தலைமுடியை அள்ளி முடியாமல் விரித்தபடி ஒரு உருவம் குனிந்து நிமிர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு சரசா அக்கா. என்னைப் பார்த்துவிட்டார்.

‘இன்னா தம்பி, இன்னும் தூங்கலியா? சும்மாதான நிக்கற, எறங்கி வந்து ரெண்டு கொடம் அட்ச்சுக் குடு.’