குளத்தைக் கழுவாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கொல்லைப்புறத்து மீன் குளம் அடிவரை இறைக்கப்பட்டு, சுவரெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. மீன்கள் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில். கீழே ஒரு வரி: "ஒருவழியா சுத்தம் பண்ணியாச்சு!" பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு படத்தை ஒரு காலத்தில் நானும் ஊரெல்லாம் காட்டித் திரிந்தவன்.

தீனியை அள்ளிப் போடாதே, சின்னக் குளத்தில் நிறைய மீனை அடைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன். அக்கறை மிகுந்தவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முழுக்க இறைத்துக் கழுவுவது

என் குளம் சுமார் 2,000 லிட்டர். இரண்டாவது கோடையில் தண்ணீர் பச்சைப் பசேல் என்றாகி, மீனே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க இறைத்தேன். அடிச் சகதியை வழித்தேன், கூழாங்கல்லை ஒவ்வொன்றாகக் கழுவினேன், குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மாலையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் கிடந்த ஒரு ரூபாய்க் காசுகூடத் தெரிந்திருக்கும், அவ்வளவு தெளிவு. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் நான்கு மிதந்தன. இரண்டே வாரத்தில் தண்ணீர் மறுபடி பச்சை.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அழுகும் தீனியும் இலையும் அதோடு சேரும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய தொல்லையில்லை, செடிகளுக்கு அது உரம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. சுவரில் வழவழவென்று கைக்குத் தட்டுப்படுமே, கூழாங்கல்லின் மேலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் படிந்திருக்குமே, அந்த வழுவழுப்பில்தான் குடியிருக்கின்றன. நான் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளியது அதைத்தான். மிச்சம் மீதியைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது. அந்தக் கூட்டம் முதலிலிருந்து உருவாக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். மீன்கள் எட்டு வாரம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்குமா?

அந்தப் பச்சைத் தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. மிதக்கும் பாசி அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். அதையும் இறைத்துக் கொட்டிவிட்டேன். கடைசியில் வெயிலும் அம்மோனியாவும் மட்டும் மிஞ்சின, போட்டிக்கு ஆள் இல்லை. பாசி ஏன் திரும்பாது? நான்கு மீன் செத்ததைவிட, அடுத்த கோடையிலும் கொஞ்ச நேரம் பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தேன் பாருங்கள், அதுதான் இன்றும் எரிச்சல்.

சரி, பச்சையாகிவிட்டால் என்ன செய்வது? தீனியைச் சில நாள் நிறுத்துங்கள், நலமாக இருக்கும் மீன் அதனால் சாகாது. வாரம் 10 முதல் 20 சதவீதம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சகதியை ஒரே நாளில் எடுக்காமல் பாதியை இப்போது, மீதியைச் சில வாரம் கழித்து எடுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம். அல்லி மாதிரிச் செடிகளை வைத்துப் பாதிப் பரப்பு நிழலாகும்வரை பொறுங்கள். டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால், தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தாலும் மீனுக்கு விஷ பயமில்லை. கூடவே பிஹெச்சையும், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவையும், பாருங்கள். அது 7லிருந்து 8க்கு ஏறினால் அதே அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பச்சைத் தண்ணீரில் பிற்பகலில் பிஹெச் ஏறும் என்பதால் காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பாசிக்கொல்லி மருந்து

பாசி சாகும், சந்தேகமில்லை. செத்த பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். வெயில் காலத்தில் இது இன்னும் மோசம்: 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நூல்பாசியாக இருந்தால் ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள், அப்படியே வந்துவிடும்.

இரவில் ஏர் பம்பை நிறுத்துவது

சத்தம் தொல்லை என்பார்கள். இருட்டில் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனைத்தான் எடுக்கும். விடியற்காலையில்தான் அது மிகக் குறைவு. நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் பகலில் நிறுத்துங்கள்.

ஃபில்டரைக் குழாயடியில் கழுவுவது

குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் அலசுங்கள். போதும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை

குளோரின் என்றால் ஓரளவு சரி. குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் எத்தனை நாள் வைத்தாலும் அது லேசில் போகாது, முறிக்கும் மருந்து வேண்டும். உங்கள் தண்ணீரில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரை

வேண்டாம். அப்புறம் குளத்தைத் தேடவேண்டியிருக்கும்.

நண்பரின் குளத்துக்கு இன்று ஆறாம் நாள். என் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, ஈரம் காயாமல் குளத்துத் தண்ணீரிலேயே போட்டுக் கொடுத்தனுப்பினேன். அதிலிருக்கும் பாக்டீரியா அங்கே பரவ வேண்டும். தீனி நிறுத்தியாயிற்று. தினமும் கால் பங்கு தண்ணீரை, குளோரினை முறித்த பிறகு, மாற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் அம்மோனியா கொஞ்சம் இறங்கியிருந்ததாம். பிரஷ்ஷை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன், சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.