காபட் (தார்க் கலவை போட்ட) வீதியில் குழி அடைப்பது
வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அடைத்த குழி அடுத்த மழையோடு கிளம்பினால் தாரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அடியில் தேங்கிய தண்ணீர்தான் காரணம். பக்கத்து வடிகானை முதலில் துப்புரவாக்குங்கள்.

குழியைச் சுற்றி உறுதியான இடம் வரை சதுரமாக, ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டுங்கள். சாய்வான ஓரத்தில் தாரும் கல்லும் சேர்ந்த கலவை மெல்லியதாகி உதிரும். சேறு, தூசி முழுதும் போக வேண்டும். அடியிலும் ஓரங்களிலும் தார் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தார்) மெல்லிசாகப் பூசி, பழுப்பு நிறம் கறுப்பாகும் வரை பொறுங்கள். இதில்தான் பலர் அவசரப்படுவார்கள்.

சூடான கலவையை, இறுகியபின் 5 சென்டிமீற்றருக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்குங்கள். இறுகியபின் 5 சென்டிமீற்றர் வர, தளர்வாக 6.5 சென்டிமீற்றர் அளவு போட வேண்டும். ஆறிய கலவை இறுகாது.