மோட்டார் கடையைத் தேடும்போது நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், எழுதியதைப் படியுங்கள்

போன பங்குனியில் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. பெருந்துறைக்குப் பக்கத்தில் 3 ஏக்கர். வாழை குலை தள்ளும் நேரம். கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் மதகுக்கு அப்போது முறையும் இல்லை. அவசரத்தில் கைப்பேசி வரைபடத்தில் தேடினேன். 4.9 நட்சத்திரம், 200க்கு மேல் விமர்சனங்கள் என்று ஒரு கடை முதலில் வந்தது. 11,000 ரூபாய் கொடுத்து, மோட்டாருக்குள் எரிந்த கம்பிச்சுருளை மாற்றிப் புதுக் ‘காயில்’ கட்டி இறக்கினோம். பதினோராவது நாள் மறுபடியும் எரிந்தது. வேறொரு மெக்கானிக் பிரித்து, கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்புக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியம் சுற்றியிருந்தார்கள்.

அன்றிரவு அந்த 200 விமர்சனங்களையும் உட்கார்ந்து படித்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விமர்சனங்களைப் புதியவை மேலே வரும்படி மாற்றிக்கொண்டு, தேதிகளைப் பாருங்கள். காயில் கட்டும் கடைக்குக் கோடையில் கூட்டம் இருக்கும், மழைக்காலத்தில் குறையும். விமர்சனங்களும் அப்படித்தான் ஒன்றிரண்டாக வரவேண்டும். நான் பார்த்த கடைக்கு ஒரே வாரத்தில் நாற்பது வந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் “நல்ல சேவை, நியாயமான விலை” என்ற அதே வார்த்தைகள். எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பெரும்பாலும் தெரியும். ஒருவர் அதே நாளில் ஜெய்ப்பூரில் ஒரு பல் மருத்துவமனையையும் லூதியானாவில் ஒரு ஓட்டலையும் புகழ்ந்திருந்தார். அவர் எந்தத் தோட்டத்துக்கு மோட்டார் கட்ட ஈரோடு வந்தார்?

இப்படிப்பட்டவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறோ நூற்றைம்பதோ தருகிறோம் என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்தி வருகிறதே, அதுதான். முதலில் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள், பிறகு முன்பணம் கட்டச் சொல்லி மொத்தமாகச் சுருட்டுவார்கள். ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்யலாம். ஆனால் அவர் போட்ட நட்சத்திரங்கள் யாரோ ஒரு கடையின் பேரில் நின்றுவிடுகின்றன.

விமர்சனங்களைத் திரட்டி வெளியிடுவதற்கென்று இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. வெளியானபோது அதைக் கட்டாயமாக்கவில்லை. சலித்தெடுக்கும் வேலை நம்முடையதுதான்.

உண்மையான விமர்சனத்தில் வேலையின் வாசம் இருக்கும். “7.5 எச்.பி. மோட்டார். புதன்கிழமை தருவதாகச் சொல்லி வெள்ளிக்கிழமைதான் கொடுத்தார்கள். பழைய செம்புக் கம்பியை எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.” இப்படி ஒன்று கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். பழைய கம்பிக்கு எடைக்கடையில் நல்ல விலை உண்டு என்பதும், அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதும் மோட்டார் தூக்கியவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை என்பவற்றை நான் தள்ளிவிடுவேன். “இரண்டாம் முறையும் எரிந்தது”, “பில் தரவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

நம் பக்கத்து மனிதர்களின் சுபாவத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நாம். பிடிக்காவிட்டால் சண்டை போடமாட்டோம், எழுதவும் மாட்டோம், அடுத்த முறை அந்தக் கடை வாசலை மிதிக்கமாட்டோம். அதனால் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டு “பரவாயில்லை” என்று எழுதியிருந்தால், அதை நான் கடுமையான புகாராகவே எடுத்துக்கொள்கிறேன். இந்த மௌனத்தை எந்த நட்சத்திரமும் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள, காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நிற்பவர்களிடம் கேளுங்கள். “அந்தக் கடை நல்ல கடையா?” என்று கேட்டால் எல்லோரும் நல்ல கடை என்றுதான் சொல்வார்கள். “இரண்டாவது தடவையும் அங்கேயே கொண்டுபோனீர்களா?” என்று கேளுங்கள். பதில் சொல்லுமுன் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார் என்றால் எனக்கு அதுவே போதும்.

அப்படிக் கேட்டுத்தான் இப்போதைய கடைக்குப் போனேன். அதற்கு 3.8 நட்சத்திரம், மொத்தம் பதினான்கே விமர்சனங்கள். கடைக்காரத் தம்பி நான் கேட்காமலே புதுக் கம்பியைச் சுரண்டிக் காட்டி, “செம்புதான் அக்கா, பில்லிலும் எழுதித் தருகிறேன்” என்றார். பதினைந்தாவது விமர்சனம் நான் எழுதியது.

பழைய கடையைப் பற்றியும் எழுதினேன். தேதி, கொடுத்த தொகை, சுரண்டிய கம்பியின் படம் மட்டும்; வசைச்சொல் ஒன்றும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்தேன். மூன்றாம் நாள் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. “பாதிப் பணம் தந்துவிடுகிறோம் அக்கா, எழுதினதை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்றார்கள். அவர்களுக்குக் கெட்ட விமர்சனம் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் எடுக்கவில்லை.