டிரக்குக்கு டார்க் கன்வெர்ட்டர் மாத்தப் போறீங்களா? ஸ்டால் நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க

ஆட்டோமேட்டிக் டிரக்குக்கு ஆஃப்டர்மார்க்கெட் (வெளிக் கம்பெனி) டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் சுழற்சிய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம், தேடுற எல்லாரும் முதல்ல கேக்குறது "ஸ்டால் எவ்ளோ போடலாம், 2400ஆ 2800ஆ"ன்னுதான். கேள்வியே பாதி தப்பு. ஸ்டால்ங்கறது கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமான நம்பர் இல்ல, உங்க இன்ஜினும் அதுவும் சேந்து குடுக்குற நம்பர். டர்பைன் (கியர்பாக்ஸ சுத்துற உள்சக்கரம்) பக்கம் சுத்தாம நிக்கும்போது இன்ஜின் எந்த ஆர்பிஎம் வரைக்கும் ஏறி அதுக்கு மேல போக முடியாம திணறுதோ அதான் ஸ்டால், அப்போ இன்ஜின்ல டார்க் ஜாஸ்தியா இருந்தா அதே கன்வெர்ட்டர் இன்னும் மேல போய்தான் நிக்கும்.

எவ்ளோ மேலன்னா, டார்க்கோட வர்க்கமூலத்த ஒட்டி ஏறும். 400 நியூட்டன் மீட்டர் குடுக்குற இன்ஜின்ல 2000ல நிக்கற கன்வெர்ட்டர, 800 குடுக்குற டியூன் பண்ண டீசல்ல மாட்டுனா 2800 கிட்ட போயிடும். அதனால விளம்பரத்துல வெறும் "2400 ஸ்டால்"னு போட்டிருந்தா, எந்த இன்ஜினுக்கு, எவ்ளோ டார்க்குக்குன்னு திருப்பிக் கேளுங்க. நல்ல ஆளா இருந்தா நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவர் உங்கள கேப்பார்: என்ன இன்ஜின், டியூன் (கம்ப்யூட்டர்ல பவர் ஏத்துனது) இருக்கா, லோடோட வண்டி எடை எவ்ளோ, ஆக்சில் ரேஷியோ (டயர் ஒரு சுத்துக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தன சுத்து) என்ன, டயர் சைஸ் என்ன, டிரெய்லர் இழுக்குமா. இதுல ஒண்ணு கூட கேக்காம நம்பர் சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

டிரெய்லர் இழுக்குற வண்டின்னா ஸ்டால் ஏத்தற ஆசைய விட்டுடுங்க. கன்வெர்ட்டர் லூசா (ஸ்டால் ஜாஸ்தியா) இருந்தா ஸ்லிப், அதாவது வழுக்கல், ஜாஸ்தி, ஸ்லிப் ஆகற பவர் அத்தனையும் ஆயில்ல சூடா இறங்கும். டர்போ டீசல்ல உச்ச டார்க் பல இன்ஜின்ல 1600 – 1800 ஆர்பிஎம்லயே வந்துடுது, அங்க 2800 ஸ்டால் எதுக்கு? அதுக்காக ரொம்ப டைட்டா (ஸ்டால் கம்மியா) போட்டாலும் தொல்லைதான், டர்போ முழிக்கறதுக்கு முன்னாடியே இன்ஜின அமுக்கிடும், கெளம்பும்போது புகைதான் வரும் இழுவை வராது, டிரைவ்ல போட்டு நிக்கும்போதே பிரேக்க தள்ளிக்கிட்டு இருக்கும். பெரிய டர்போ மாட்டுனவங்க கொஞ்சம் லூசா கேக்கறதுக்கு காரணம் இதான். பெட்ரோல் இன்ஜின்ல உச்ச டார்க் மேல தள்ளி வர்றதால கம்பெனி ஸ்டாலுக்கு மேல சில நூறு ஆர்பிஎம் ஏத்துனா கெளம்பறது நல்லா தெரியும். டிராக்ல ஓட்டறவங்க கணக்கு வேற, அத இங்க கொண்டு வராதீங்க.

இப்போ ஹைவே கணக்கு, இத யாரும் போட்டுப் பாக்க மாட்டேங்கறாங்க. 33 இன்ச் டயர் ஒரு சுத்துக்கு 2.63 மீட்டர் போகும். 100 கிமீ வேகம்னா நிமிஷத்துக்கு 1667 மீட்டர், அப்போ டயர் 634 சுத்து. 3.73 ஆக்சில்னா அத பெருக்குங்க, 2365. 4எல்60ஈங்கற ஜிஎம் கியர்பாக்ஸ் மாதிரி ஓவர்டிரைவ் (டாப் கியர் ரேஷியோ) 0.70 இருந்தா இன்ஜின் 1655ல ஓடும். லாக்கப் (கன்வெர்ட்டர வழுக்காம நேரடியா பூட்டுற கிளட்ச்) புடிச்சிருந்தா கவலை இல்ல, புடிக்காம லோடோட மேட்டுல ஏறும்போது 2800 ஸ்டால் கன்வெர்ட்டர்னா மொத்த நேரமும் ஆயில கலக்கிக்கிட்டே போகும். பெரிய டயர் மாத்துனா இந்த ஆர்பிஎம் இன்னும் இறங்கும், அப்போ கன்வெர்ட்டர மாத்தறத விட ஆக்சில் ரேஷியோவ மாத்தறதுதான் சரியான வைத்தியம்.

லாக்கப் கிளட்ச் பத்தி கொஞ்சம் நிதானமா பாக்கணும், டிரக்ல கன்வெர்ட்டர் சாகறது பெரும்பாலும் இங்கதான். டாப் கியர்ல லாக்காகி மேடு ஏறும்போது கியர் இறங்காமலே ஆர்பிஎம் மட்டும் 100, 200 மெதுவா ஏறுதுன்னா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். ஸ்டாக் பவருக்கு நல்ல லைனிங் (உராயுற பட்டை) போட்ட சிங்கிள் டிஸ்க் தாராளமா போதும். டியூன் பண்ண டீசல், கனமான டிரெய்லர் ரெண்டும் சேந்தா டிரிபிள் டிஸ்க் நியாயம், ஆனா லாக்காகறது கொஞ்சம் வெடுக்குன்னு தெரியும், சும்மா பெருமைக்கு போடாதீங்க. இன்னொண்ணு, பல புது வண்டியில கம்ப்யூட்டரே வேணும்னு லாக்கப்ப லேசா வழுக்க விடும், அந்த மாதிரி கியர்பாக்ஸுக்கு அந்த ஸ்லிப்ப தாங்குற லைனிங்தான் வேணும், இல்லன்னா சீக்கிரமே கருகிடும், வண்டி அதிர ஆரம்பிச்சிடும்.

பில்லெட் கவர் (கெட்டி உலோகத்துல கடைஞ்செடுத்த முன்மூடி) தேவையான்னு கேட்டா, லைன் பிரஷர (கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தத்த) ஏத்தியிருந்தா தேவை. பிரஸ் பண்ண தகட்டு கவர் அழுத்தத்துல வளையும், வளைஞ்சா கிளட்ச் முழுசா ஒட்டாது. உள்ள ஃபின் எல்லாம் ஃபர்னஸ் பிரேசிங் (உலையில வச்சு பத்தவைக்கறது) பண்ணதான்னும் கேட்டுக்கோங்க. ரீபில்ட் பீஸ்னா வெட்டித் தொறந்து பேரிங், ஸ்டேட்டர்ல (நடுவுல ஆயில திருப்பிவிடுற சக்கரம்) இருக்கற ஒன்வே கிளட்ச், லைனிங் எல்லாம் மாத்துனாங்களா, லீக் டெஸ்ட்டும் பேலன்ஸும் பண்ணாங்களான்னு கேக்கணும், வெறும் பெயின்ட் அடிச்சு வர்றதும் உண்டு. ஸ்பிளைன் (ஷாஃப்ட் கோக்குற பல்) எண்ணிக்கை, போல்ட் பேட்டர்ன், முன்னாடி பைலட் (நடுவுல நீட்டிக்கிட்டிருக்கற குமிழ்) சைஸ் இது மூணையும் பழசோட வச்சு ஒத்துப் பாருங்க, ஒரே கியர்பாக்ஸ் பேர்லயே வருஷத்துக்கு வருஷம் மாறும்.

பழசு உதிர்ந்து போயிருந்தா அந்தத் தூள் ஆயில் கூலர்ல உக்காந்திருக்கும். கூலர மாத்துங்க, குறைஞ்சது நல்லா ஃபிளஷ் பண்ணுங்க, இல்லன்னா புதுசுக்குள்ள அதேதான் போகும். கியர்பாக்ஸ் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் இல்லாத வண்டின்னா ஒண்ணு மாட்டிடுங்க. 80 – 95 டிகிரில ஓடுனா நிம்மதி, 120ஐ தாண்டி ரொம்ப நேரம் நின்னா ஆயில் வெந்துக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க.

மாட்டும்போது அவசரம் கூடாது. உள்ள ஒரு லிட்டர் போல ஆயில் ஊத்திட்டு, சுத்திச் சுத்தி தள்ளுங்க, படிப்படியா உள்ள இறங்கறது கைக்கே தெரியும், கடைசியா பம்ப் கியர்ல உக்காரணும். கியர்பாக்ஸ் இன்ஜினோட முழுசா ஒட்டுனதுக்கப்புறமும் கன்வெர்ட்டர் கையால சுத்தணும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டர போல்ட் போடுற இன்ஜின் பக்கத்து தகடு) அதுக்கும் நடுவுல பொதுவா 3 – 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும், உங்க பீஸோட வந்த தாள்ல வேற அளவு போட்டிருந்தா அதான் கணக்கு. இடைவெளியே இல்லன்னா போல்ட்ட முறுக்கி இழுத்துடாதீங்க, பம்ப் உடைஞ்சிடும், கழட்டி மறுபடி உக்கார வைங்க. போல்ட்டும் குடுத்த நீளமே போடுங்க, நீளம் கூடுனா கவர்ல குத்தி உள்பக்கம் புடைச்சிடும், லாக்கப் கிளட்ச் ஒட்டற எடமே அதுதான். ஸ்டார்ட் பண்ணி பிரேக்க அழுத்திக்கிட்டு எல்லா கியரும் ஒரு தடவ போட்டு எடுங்க, ஆயில் சூடானதும் லெவல் பாருங்க, அது கண்டிப்பா இறங்கியிருக்கும், ஊத்துங்க.