கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஹைக்கிங்: ஏற்றத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

மலை ஏறும்போது களைத்துப் போனால் திரும்பி இறங்கிவிடலாம். ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ், தெம்பு இருக்கும்போது இறங்குவோம், கால் ஓய்ந்த பிறகு ஏறுவோம். அதனால் இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு என்று வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், ஆறு கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள். கொண்டுபோகும் குடிதண்ணீரில் பாதிக்கு மேல் ஏற்றத்துக்கென்று மிச்சம் இருக்கட்டும்.

முதல் தடவை போகிறவர்கள் படிக்கட்டு உள்ள இடமாகப் பாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் கிளவுட்லேண்ட் கேன்யன் அருவிகளுக்குச் சுமார் 600 படிகள். மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் கார்ஜில் (கார்ஜ் என்றால் ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கு), கேமூர் மைனர்ஸ் டிரெயிலில் பழைய நிலக்கரிச் சுரங்கத்தைத் தாண்டி அடிவரை போக 821 படிகள், அதுவும் முதலில் ஒரு செங்குத்தான பாதை இறங்கிய பிறகுதான். முட்டி வலி உள்ளவர்கள் அங்கேயே லாங் பாயின்ட் பாதையில் போய் 876 அடி உயரப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

என்னைக் கேட்டால் உண்மையான ருசி ஜார்ஜியாவின் டலூலா கார்ஜில்தான். கிட்டத்தட்ட 1,000 அடி ஆழம், அடித்தளத்தில் இறங்க நாளொன்றுக்கு 100 பெர்மிட்தான், முதலில் வருபவருக்கு முதலில், ஆகவே வார இறுதியில் பூங்கா திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். செருப்போடு போனால் பெர்மிட் கிடைக்காது. மேலே அணை இருக்கிறது; மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திருப்பிவிடுவதால்தான் ஆறு இளைத்து ஓடுகிறது, அணையிலிருந்து திறந்துவிடும் நாளிலும் மழையால் பாறை நனைந்த நாளிலும் இறங்க விடமாட்டார்கள். கோபப்படாதீர்கள். ஹரிகேன் அருவிக்குக் கீழே கல்லுக்குக் கல் தாவித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும், அங்கே வெளிறி உலர்ந்த கல் நம்பகமானது, கறுப்பாகப் பளபளக்கிற கல்லில் மெல்லிய பாசி படிந்திருக்கும், பார்த்தால் தெரியாது, மிதித்தால் காலை வாரிவிடும். சந்தேகம் வந்தால் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்தே நகருங்கள், இல்லையென்றால் தண்ணீரில் காலை வைத்து நடங்கள், ஷூ காய்ந்துவிடும்.

வட கரோலினாவின் லின்வில் கார்ஜ் வேறு ரகம். 1964 முதல் சட்டப்படி வனாந்தரப் பகுதி, அதாவது படிகளும் கைப்பிடியும் கிடையாது, மரங்களில் வழிக்குறியும் இருக்காது. ரோடோடென்ட்ரான் புதருக்குள் நாலைந்து ஒற்றையடிப் பாதைகள் பிரியும், எல்லாமே சரியான பாதை மாதிரியே தெரியும். காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும், போனில் சிக்னலை நம்ப வேண்டாம். மே 1 முதல் அக்டோபர் 31 வரை வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் இரவு தங்க பெர்மிட் தேவை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது, பழைய பயணக் குறிப்புகளை வைத்துக் கிளம்பாமல் வன இலாகாவின் இப்போதைய அறிவிப்பைப் பாருங்கள்.

மழை விஷயத்தில் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது, ஆற்றின் மேல்புறத்தில் இடி மழை கொட்டினாலும் வெள்ளம் உங்களிடம்தான் வரும். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும்வரை காத்திருங்கள், முழங்காலுக்கு மேல் இழுக்கிற தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அப்புறம், கோடையில் வெயில் காயும் பாறை இடுக்கில் கை வைக்குமுன் பாருங்கள், காப்பர்ஹெட்டும் ரேட்டில்ஸ்னேக்கும் இந்த மலைகளின் விஷப் பாம்புகள். மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும், தொடாதீர்கள். பள்ளத்துக்குள் மேலே இருப்பதைவிடச் சீக்கிரம் இருட்டிவிடும், பகல் நடைக்கும் ஹெட்லேம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் லின்வில் போனால் அது வேட்டைப் பருவமும் கூட, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள்.