ஏழரை மணிக்கு அறுந்த சிக்னல்

ஹட்டனில் தேயிலை மலை உச்சியில் ஜிபிஎஸ் கருவியை இரவுவரை ஓடவிட்டு லயக் காணி (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு நிலம்) அளந்தோம். 2024 மார்ச். இரவு ஏழரை ஆனதும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும்; பத்தரைக்குப் பிறகு தானாகத் திரும்பும். கேபிளை மாற்றினேன், பேட்டரியையும் மாற்றினேன். "மிஸ்ட்தான் சேர்" என்றான் உதவிக்கு வந்த தம்பி. மூடுபனி ஜிபிஎஸ்ஸின் 1575 மெகாஹெர்ட்ஸ் அலையை ஒன்றும் செய்யாது.

கோளாறு சில நூறு கிலோமீட்டர் மேலே. இலங்கை பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில், அதாவது வெயிலால் மின்னேறிய மேல் வளிமண்டலத்தில், எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலெழும். அவற்றைக் கடக்கும் சிக்னல் விண்மீன்போல மினுங்கும்; கருவி அதைத் தவறவிடும். மார்ச், செப்டெம்பரை ஒட்டி மோசம். இரண்டு அலைகளைக் கேட்கும் இரட்டை அதிர்வெண் கருவி, அயனி மண்டலம் சிக்னலுக்குத் தரும் தாமதத்தைக் கழிக்கும், மினுக்கத்தை அல்ல.

அளவையை விடிகாலைக்கு மாற்றினேன்; சிக்னல் அறவில்லை. குளிர்தான் பெரும்பாடு, பிளேன்டீ இல்லாமல் விரல் அசையாது.